வாடகை ஏறாமல் வீடு மட்டும் பெரிதாக வேண்டும்: தேடி அலைந்தவர்களின் அனுபவங்கள்

கூடுவாஞ்சேரிக்காரி:

மாமியார் இனி எங்களோடுதான் இருப்பார் என்று முடிவானதும், சென்னை நங்கநல்லூரில் இருந்த ஒற்றைப் படுக்கையறை போர்ஷன் போதாமல் போனது. அதே பகுதியில் இரண்டு அறை என்றால் வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை. தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று பார்த்துக்கொண்டே போனோம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வாடகை இறங்கும் என்பார்கள். பாதிதான் உண்மை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சைத் தொடங்குவதே "பஸ் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது" என்றுதான்.

போக்குவரத்துக் கணக்கில் சீசன் டிக்கெட் பெரிய தொகை இல்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோதான் மாதக் கடைசியில் உதைக்கும். சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் மின்சார ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடுவதால், செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். மாடுலர் கிச்சன், லிஃப்ட், கார் நிறுத்துமிடம் எதுவும் எங்களுக்கு வேண்டாம்.

மாமியாருக்கு முழங்கால் வலி, ஆகவே தரைத்தளம். அங்கேதான் சிக்கல். முடிச்சூர் பக்கம் நல்ல விசாலமான தரைத்தள வீடு ஒன்று, நம்ப முடியாத வாடகைக்கு வந்தது. எதிர்வீட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். 2015 வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் கை வைத்துக் காட்டினார். என் தோளுக்கு மேலே இருந்தது அந்தக் கை. வாடகை ஏன் குறைவு என்று அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் கூடுவாஞ்சேரியில் கிடைத்தது ஒரு பழைய தனி வீடு. தெருவைவிட நல்ல உயரம். மொசைக் தரை, பின்பக்கம் துவைகல், ஒரு முருங்கை மரம். புரோக்கர் காட்டியதில்லை, அந்தத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் சொன்னது. எந்த வீடு எப்போது காலியாகும் என்பது அவருக்குத்தான் முதலில் தெரிகிறது. ஒரு மாத வாடகை கமிஷன் மிச்சம். அதில் கொஞ்சம் அவருக்குக் கொடுத்தோம், வாங்க மறுத்துப் பிறகு வாங்கிக்கொண்டார். போர் தண்ணீர் உப்பு, குடிக்கக் கேன்தான். அதையும் வாடகையோடு கூட்டித்தான் பார்த்தோம்.

மதுரை வடக்கு:

எங்கள் ஊரில் மாதச் சம்பளக்காரர்கள் பெரிய வீட்டுக்குப் போகும் வழி ஒத்தி. சென்னையில் லீஸ் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் வாடகை கிடையாது, காலி செய்யும்போது தொகை திரும்ப வரும். மகளின் நகைக்கென்று வைத்திருந்த பணத்தை வைத்து நானும் தேடினேன். ஒரு வீடு எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மூன்று அறை, மொட்டைமாடி உரிமை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது வீட்டின் மேல் பதிவான விற்பனை, கடன் விவரம், போட்டுப் பார்த்தேன், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியது அதில் பதிவாகியிருந்தது. கடன் தவணை நின்றுபோய் வங்கி ஏலத்துக்கு வந்தால், குடியிருப்பவர் தன் பணத்துக்கு யாரிடம் போய் நிற்பது?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அது சும்மா சின்னக் கடன்" என்றார். சின்னக் கடனாகவே இருக்கட்டும், ஒத்தியைப் பதிவு செய்து கொடுங்கள் என்றேன். பதினொரு மாத ஒப்பந்தம் போதும், நோட்டரி கையெழுத்து போதும் என்றார். அன்றோடு அந்த வீட்டை மறந்துவிட்டேன். மனைவி இன்னும் மறக்கவில்லை. பிறகு சற்றுச் சின்னதாக, கடனில்லாத வீடு ஒன்றை எடுத்துப் பதிவும் செய்தோம். அந்தச் செலவை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொண்டோம்.

டேப் சித்தப்பா:

வீடு பார்க்கப் போகும்போது அளவு டேப் எடுத்துப் போங்கள். "ஆயிரம் சதுர அடி" என்று காட்டிய ஃபிளாட்டில் படிக்கட்டும் வராந்தாவும் நம் கணக்கில்தான் இருந்தன. சுவருக்குள் அளந்தால் எங்கள் பழைய வீட்டைவிட ஓர் அலமாரி அளவுதான் கூடுதல். கட்டிலை எங்கே போடுவது, பீரோ கதவு திறக்குமா, இவ்வளவுதான் எனக்குச் சதுர அடி. வீட்டுக்காரர் டேப்பைப் பார்த்து முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

அம்பத்தூர் அக்கா:

அட்வான்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. இதைச் சொன்னதும் ஒருவர் வாசற்கதவைச் சாத்தாத குறை. இன்னொருவர் பத்து மாதத்திலிருந்து ஐந்துக்கு இறங்கினார். ஐந்தும் அந்த மூன்றைவிட அதிகம்தான், ஆனால் அந்த மிச்சத்தில்தான் சாமான் ஏற்ற வண்டி பிடித்தோம். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொது மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் வீட்டுக்காரருக்கே போகும். நாம் யூனிட்டுக்கு அவர் சொன்ன விலையைக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

கூடுவாஞ்சேரிக்காரி:

தனி மீட்டர்தான் அக்கா, பார்த்துவிட்டேன். ஆனால் ஆறு மாத அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கேட்டுப் பார்க்கிறேன்.