மேற்குச் சுவருக்குத் திருப்பி வைத்த கல்: கணினி வேண்டுமா, மேசன் போதுமா?

படிக்கட்டு_மேற்கு:
வெள்ளவத்தையில் ஒரு வீடு. மாடிப்படிச் சுவர் மேற்குப் பார்த்தது, 6 மீற்றர் அகலம், 2.8 மீற்றர் உயரம். பின்னேரமானால் படிக்கட்டு அடுப்பாகிவிடுகிறது. ஏசி போட வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை. சாதாரண 390 மி.மீ. சீமெந்துக் கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் காற்று வரும், வெயில் குறையும் என்று கிறாஸ்ஹொப்பர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைந்திருக்கிறேன். இடைவெளி, கோணம், வரி எண்ணிக்கை எல்லாம் எண்கள்தான். ஒன்றை மாற்றினால் 14 வரியும் தானாக மாறும். மொத்தம் 168 கல், எல்லாம் ஒரே அச்சில் அரிந்தவை, இடமிருந்து வலமாக 0 முதல் 15 பாகை வரை திரும்பும். இப்படி ஏன் இங்கே யாரும் கட்டுவதில்லை?

தூக்குக்குண்டு:
தம்பி, துளைக்கல் சுவர் கொழும்பின் பழைய வீடுகளில் எத்தனையோ இருக்கிறது, போய்ப் பாருங்கள். உருகுவேயில் எலாடியோ டியெஸ்தே என்ற பொறியியலாளர், அத்லாந்திதா ஊர்த் தேவாலயத்தின் சுவரை அலை அலையாகச் செங்கல்லிலேயே எழுப்பினார். 1960இல் முடிந்த வேலை. அடியில் நேர்கோடு, உச்சியில் வளைகோடு, இரண்டையும் நேர் நூலால் இணைத்தால் சுவரின் வடிவம் வந்துவிடும். எந்தக் கணினி இருந்தது?

உங்கள் ஒரு பாகைக்குக் கல்லின் நுனி மூன்றரை மி.மீ.கூட நகராது. சாந்தே 10 மி.மீ. தடிப்பு. மேசன் எதைப் பார்த்து வைப்பார்?

படிக்கட்டு_மேற்கு:
சுவிட்சர்லாந்தில் கான்டன்பைன் வைன் கூடத்துச் சுவரை 2006இல் கிரமாசியோ கோலர் என்ற கட்டடக்கலைஞர் குழு ரோபோவால் அடுக்கியது. ஒவ்வொரு செங்கல்லும் தனிக் கோணம்.

தூக்குக்குண்டு:
அது ரோபோ. நான் கூலி கொடுப்பது மனிதருக்கு.

படிக்கட்டு_மேற்கு:
சரி, அது நியாயம். கோணத்தை 0, 5, 10, 15 என்று நான்காக மட்டுப்படுத்துகிறேன். 5 பாகைக்கு நுனி 17 மி.மீ. நகரும், கண்ணுக்கே தெரியும். நான்கு ஒட்டுப்பலகைத் துண்டுகளை அந்தக் கோணங்களில் வெட்டிக் கொடுத்தால், மேசன் நூலில் பலகையை வைத்துக் கல்லை ஒட்டி வைக்கலாம். மென்பொருளில் இது ஒரு வரி மாற்றம். கையால் வரைந்திருந்தால் இரண்டு நாள் போயிருக்கும்.

கம்பிக்கட்டு:
இரண்டு பேரும் அழகைப் பற்றியே பேசுகிறீர்கள். கல் எதன் மேல் உட்காருகிறது? கல்லும் இடைவெளியும் சேர்ந்து 500 மி.மீ. என்றால், மேல் வரிக் கல் கீழ்க் கல்லிலிருந்து 250 தள்ளி இருக்கும். இரண்டும் 15 பாகை திரும்பினால் அகலவாக்கில் 65 மி.மீ. விலகும். நாலு அங்குலத் தடிப்புக் கல்லில், அதாவது 100 மி.மீ.யில், மிஞ்சுவது 35. அதுவும் உள்ளே பொந்துள்ள கல் என்றால், அந்த 35இல் பாதி வெற்றிடம். திரையில் இது தெரியாது, நிறத்தோடு அழகாகத்தான் நிற்கும்.

ஆறு அங்குலக் கல்லுக்கு மாறி, கோணத்தை 10 பாகையோடு நிறுத்தினால் 107 மி.மீ. தாங்கும். அப்போதும் நடுவில் ஒரு கொங்கிறீட் தூண் வேண்டும். வெள்ளவத்தைக் கடல்காற்றுக்கு உப்பு கம்பியைத் தின்னும், அதனால் கம்பியை மூடும் கொங்கிறீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

படிக்கட்டு_மேற்கு:
இதை நான் பார்க்கவே இல்லை. தாங்கும் அகலத்தையும் ஒரு எண்ணாகப் போட்டு, 100க்குக் கீழே போனால் கல் சிவப்பாகும்படி வைத்துவிட்டேன். பழைய வடிவத்தில் வலது பக்கம் முழுக்கச் சிவப்பு.

தூக்குக்குண்டு:
நல்லது. இப்போது மழைக்கு வாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சாய்த்து அடிக்கும். துளைக்கல் வைத்த வீட்டுக்காரர்கள் உள்ளே பொலித்தீன் கட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

படிக்கட்டு_மேற்கு:
துளைகள் வடமேற்கைப் பார்க்கும்படி திருப்பினால் மழை குறையும். ஆனால் யூனில் சூரியன் மேற்கிலிருந்து 23 பாகை வடக்கே தள்ளித்தான் மறைகிறது, வெயில் நேரே உள்ளே வரும். தென்மேற்கைப் பார்க்கத் திருப்பினால் நேர்மாறு. இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். படிக்கட்டில் யாரும் உட்காரப் போவதில்லை, கொஞ்சம் வெயில் பரவாயில்லை. ஈரப் படியில் வழுக்கி விழுந்தால்தான் பிரச்சினை. வடக்குப் பக்கம் திருப்புகிறேன்.

கம்பிக்கட்டு:
10 பாகைக்கு 150 மி.மீ. கல் மறைப்பது 26 மி.மீ. மட்டும். உங்கள் இடைவெளி 110. சாரல் வரத்தான் செய்யும். இறங்குதளத்தைச் சுவர் பக்கம் சரித்து ஒரு வடிகுழாய் வையுங்கள்.

தூக்குக்குண்டு:
அப்புறம், முதல் நாலு வரியைச் சாந்தில்லாமல் அடுக்கி ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். பலகை நாலையும் நானே வெட்டித் தருகிறேன். நீங்கள் அச்சடித்த தாள் நனைந்து போனால் மேசன் கூப்பிடப் போவது உங்களை இல்லை, என்னைத்தான்.

படிக்கட்டு_மேற்கு:
மூன்று பலகை போதும் அண்ணை. 15ஐ வெட்டிவிட்டோம்.