மாண்டிசோரி: கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்

அடையாறு அம்மா:

மாண்டிசோரி கல்விமுறை நல்லதா, வீண் செலவா என்ற சண்டையை எல்லோரும் போட்டு முடித்தாயிற்று. கைக்குழந்தையில் தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரைக்கும் யார் யார் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் எழுதுவோமா? முதல் போணி நான்.

மகள் பிறந்தபோது தொட்டில் வாங்கவில்லை. தரையில் ஒரு மெத்தை, பக்கத்துச் சுவரில் உடையாத கண்ணாடி, அவ்வளவுதான். மாமியார் சிரித்துவிட்டார். “பாயில போட்டு வளர்த்தோமே, அதுக்கு இப்ப இங்கிலீஷ்ல பேரு வெச்சு காசு வாங்கறாங்களா?” பாதி நியாயம்தான். ஆனால் தவழ ஆரம்பித்த பிறகு, தூங்கி எழுந்தால் அவள் அழுவதில்லை. தானே இறங்கி, முழங்கால் உயர அலமாரிக்குப் போய் எதையாவது எடுத்து உட்கார்ந்துவிடுவாள். தூளியில் கிடக்கும் குழந்தை, யாராவது வந்து தூக்கும்வரை கத்தத்தானே வேண்டும்?

முதல் வாரங்களில் முனாரி மொபைல் கட்டினோம் (செல்போன் இல்லை, மேலே தொங்குவது). கறுப்பு வெள்ளை அட்டை வடிவங்கள், நடுவே ஒரு கண்ணாடிக் குண்டு. அப்புறம் கோபி: ஒரே நிறத்தில், அடர்த்தியிலிருந்து வெளிறல்வரை ஐந்து நூல் உருண்டைகள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம், கடையில் கேட்கும் விலையைக் கொடுக்காதீர்கள். இதில் கஷ்டம் குழந்தைக்கு இல்லை, நமக்குத்தான். அவள் கண்ணை எடுக்காமல் அந்த உருண்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்க வரும் உறவினர் ஒவ்வொருவரும் முகத்துக்கு நேரே வந்து கிலுகிலுப்பை ஆட்டுவார்கள். “கொஞ்ச நேரம் விடுங்கத்தை, பார்த்துட்டு இருக்கா” என்று சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

மலைக்கோட்டை டீச்சர்:

நான் மூன்று முதல் ஆறு வயது வகுப்பில் இருக்கிறேன். மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே அறை. புதிதாக வரும் பெற்றோர் முதலில் கேட்பது, “சின்னதைப் பெரிசு அடிக்காதா?” என்பதுதான். எங்கள் அறையில் பார்த்தவரை, பெரியவன் சின்னவளுக்கு ஷூ பக்கிள் போட்டுவிடுகிறான், வேண்டாம் என்றாலும் போட்டுவிடுகிறான். அவனை நிறுத்துவதுதான் என் வேலை.

தமிழ் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், யாரும் எழுதுவதில்லை. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை அ, ஆ, இ என்று வரிசையாகக் கொடுப்பதில்லை. ட, ப, ம மூன்றையும் விரலால் தடவிப் பழகி, புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம் எல்லாம் வந்துவிடும். மூன்று கட்டமாகச் சொல்லிக்கொடுப்போம். “இது ப.” கொஞ்ச நேரம் கழித்து, “ப எங்கே, காட்டு.” கடைசியில்தான் “இது என்ன?” அந்தக் கடைசிக் கேள்விக்கு அவசரப்படவே கூடாது. இரண்டாவது கட்டத்தில் தடுமாறினால் “சரி, நாளைக்குப் பார்க்கலாம்” என்று எடுத்து வைத்துவிட வேண்டும். தப்பு என்று சொல்லும் வேலையே இல்லை.

சிக்கல் கொம்பில்தான். அட்டையில் வெட்டிய எழுத்துகளைப் பாயில் அடுக்கித்தான் சொல் அமைப்பார்கள். ஆங்கிலத்தில் காதில் விழும் வரிசையில் அடுக்கிவிடலாம். தமிழில் ‘கெ’ என்றால் காதில் க் முன்னால், எ பின்னால். பாயில் கொம்பு முன்னால், க பின்னால். ஒரு பையன் ‘பெட்டி’ என்று அடுக்க உட்கார்ந்தான். ப-வை வைத்தான், அதற்கு வலப்பக்கம் கொம்பை வைத்தான். என் கை போய்விட்டது, பிடித்து நிறுத்திக்கொண்டேன். அவன் மற்றதையும் அடுக்கி முடித்துவிட்டு எழுந்து போனான். படிக்கும் அட்டைகள் தொடங்கிய பிறகு ஒருநாள் ‘பெட்டி’ அட்டையைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது தப்பா அச்சடிச்சிருக்காங்க” என்று கொண்டுவந்தான். இன்னும் நாலைந்து அட்டைகளைக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் கொம்பு முன்னால் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ப் பெட்டியைத் திரும்ப அடுக்கினான். ‘கொ’ வந்தபோது எழுத்துக்கு இரண்டு பக்கமும் துணை வேண்டுமா என்று என்னிடம் கேட்கக்கூட இல்லை.

இரண்டு பிள்ளை அப்பா:

என் மகன் ஆறு வயதுக்கு மேலும் அதே முறையில் படித்தான், ஐந்தாம் வகுப்பு வரை. இதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை, மாண்டிசோரி என்றால் எல்கேஜி என்றே நினைக்கிறார்கள்.

அவன் நோட்டைப் பார்த்து நான் பயந்த காலம் உண்டு. பக்கத்து வீட்டுப் பையன் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறான், இவன் பொன்மணிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறான். ஒரு மணி ஒன்று. கம்பியில் கோத்த பத்து. பத்துக் கம்பி சேர்ந்த நூறு என்ற சதுரம். பத்துச் சதுரம் சேர்ந்த ஆயிரம் என்ற கனசதுரம். ஆயிரத்தை இரண்டு கையாலும் தூக்கிவந்து, “அப்பா, ஆயிரம் கனமா இருக்கு” என்றான். நான் பிகாம் முடித்தவன், ஆயிரத்துக்குக் கனம் உண்டு என்று எனக்கு யாரும் காட்டியதில்லை.

இன்னொன்று: 27 துண்டு மரக்கட்டைகள் உள்ள ஒரு பெட்டி. எல்கேஜி வயதில் நிறத்தை நிறத்தோடு சேர்த்து அடுக்கும் புதிர் அது. எலிமெண்டரி வகுப்பில் அதே பெட்டியைத் திறந்து, இது (அ+ஆ+இ) என்பதன் மும்மடி என்று காட்டினார்கள். “இது எனக்கு முன்னாடியே தெரியும்” என்றான். கைக்குத் தெரிந்திருக்கிறது, உண்மைதான்.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். ஆறாம் வகுப்புக்கு வழக்கமான பள்ளியில் சேர்த்தோம். கணக்கில் தொந்தரவில்லை. நாற்பது நிமிடத்தில் மணி அடிப்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. காலை மூன்று மணி நேரத்தை இடையூறில்லாமல் தன் போக்கில் வைத்திருந்தவன். கோனார் உரையில் இருப்பதைப் போலவே எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும் என்பதும் பிடிபடவில்லை. முதல் பருவம் படுத்தியெடுத்தது. அரையாண்டுக்குள் பழகிக்கொண்டான், ஆனால் பழகியதில் எனக்குச் சந்தோஷமா என்று கேட்டால் தெரியாது.

கொடைக்கானல் குளிர்:

எலிமெண்டரி பற்றி வந்ததால் சொல்கிறேன். நான் இந்த வயதினருக்கான பயிற்சி எடுத்தவள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான இந்தப் பாடங்களில் பல நம் ஊரில் விரிந்தவை. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார், அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்துத்தான். கலாக்ஷேத்ரா ருக்மணி தேவியின் கணவர் அவர். சில மாதம் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மாரியோவைக் காவலில் வைத்தார்கள், மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அந்த ஆகஸ்டில் அவருடைய எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி, வைஸ்ராய் மாரியோவை விடுவித்தார். பிறகு 1942 முதல் கொடைக்கானலில் இரண்டு வருடம். செடி, பூச்சி, பாறை என்று பெரிய பிள்ளைகளோடு வேலை செய்தது அங்கேதான்.

நேரில் பார்த்தது ஒன்று. பூமியின் வயதைக் காட்ட ஒரு நீளமான கறுப்புத் துணிச் சுருளை விரிப்போம். பள்ளி நடைபாதை முழுக்க, அது போதாமல் வாசல் வரை. நுனியில் ஒரு மெல்லிய சிவப்புத் துண்டு, மனிதர்கள் வந்த காலம். “ராஜராஜ சோழன் எங்கே மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டாள். அந்தச் சிவப்பிலேயே கடைசி நூலைக் காட்டினேன். அவள் கோபித்துக்கொண்டாள், தஞ்சாவூர்க்காரி.

சைக்கிள் தாத்தா:

பேத்திக்கு இடம் பார்க்கப் போனேன். வாசலில் பெரிய எழுத்தில் மாண்டிசோரி. உள்ளே இளஞ்சிவப்புக் கோபுரம் (பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கட்டைகள்) கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கிறது, பிள்ளைகள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்து ஆங்கில ரைம் பாடுகிறார்கள். கேட்டால், “கொடுத்தா தொலைச்சிடுவாங்க சார்.” அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாமாமே?

மலைக்கோட்டை டீச்சர்:

ஆமாம் ஐயா, எழுதிக்கொள்ளலாம். 1929இல் மரியா மாண்டிசோரியே தொடங்கிய சர்வதேசச் சங்கம் பட்டயப் பயிற்சி தருகிறது, ஆனால் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அடுத்த இடத்துக்குக் காலை பத்து மணிக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். ஒவ்வொரு சாதனமும் அறைக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், காத்திருக்கப் பழகுவதற்காக. எடுத்ததைப் பிள்ளையே திரும்ப வைக்கிறதா என்று பாருங்கள். டீச்சர் குரல் உங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தால் யோசியுங்கள்.

வடசென்னை தன்னார்வலர்:

இது பணக்காரர் விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: 1907 ஜனவரியில் ரோமில், சான் லொரென்சோவில் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லம் கூலித்தொழிலாளர் பிள்ளைகளுக்கானது. மாநகராட்சிப் பள்ளிகளில் சில இடங்களில் கேஜி வகுப்புக்கு இந்தச் சாதனங்கள் உண்டு. நான் போகும் வகுப்பில் தண்ணீர் ஊற்றும் பயிற்சிக்குக் கூட்டம் அதிகம். இரண்டு சின்னக் குடுவை, ஒரு ஸ்பாஞ்ச். நாலு வயதுப் பெண் ஒருத்தி சிந்திவிட்டால் திரும்பி நம் முகத்தைப் பார்க்காமல் ஸ்பாஞ்சை எடுப்பாள். அவள் அம்மா மீன் விற்கிறார். “வீட்ல என்னையும் தொடைக்க விடமாட்டேங்கறா, நான் சரியா தொடைக்கலையாம்” என்றார்.

அடையாறு அம்மா:

டீச்சர், அந்தத் தமிழ் அட்டை எழுத்துகள் எங்கே கிடைக்கும்? கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனியாக வேண்டும். என் மகளுக்கு இப்போது நாலு வயது ஆகப்போகிறது.

மலைக்கோட்டை டீச்சர்:

கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலம்தான். கார்ட்போர்டில் வெட்டிவிடுங்கள். துணைக்கால் மட்டும் நிறையச் செய்யுங்கள், அதுதான் முதலில் தீரும்.