பூனைச்செவியா, பொய்ச்சிங்கப்பல்லா?

ஐயா, வணக்கம்.

தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோமே, ஊட்டியிலிருந்து கொண்டுவந்த அந்தச் செடியை இன்று காலை ஜெயநகர் வீட்டு மொட்டைமாடியில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கு நாள் செய்தித்தாளுக்குள் கிடந்தும் இலையில் சுணை அப்படியே இருக்கிறது, விரல் வைத்தால் சொரசொரக்கிறது. ஆங்கிலத்தில் ‘கேட்ஸ் இயர்’ (பூனைக்காது) எனும் ஹைபோகேரிஸ் ரேடிகாட்டாதான், சந்தேகமில்லை. பூத்தண்டில் இலை கிடையாது. மேலே இரண்டு மூன்றாகக் கிளைத்து, கிளைக்கொரு மஞ்சள் பூ. இதைப் போலவே மஞ்சளாகப் பூக்கும் டான்டிலியனின் தண்டு கிளைக்காது, உள்ளே குழலாக இருக்கும், இலையும் பெரும்பாலும் வழவழப்பு. எங்கள் தெருவோரத்தில் முளைக்கும் சோன்கஸும் மஞ்சளாகத்தான் பூக்கிறது, ஒடித்தால் பாலும் வருகிறது. ஆனால் அதற்குத் தண்டு நெடுக இலை.

சரி, பெயருக்கு வருவோம். டான்டிலியன் என்றால் சிங்கப்பல், இது அதன் போலி என்பதால் நீங்கள் சொன்ன ‘பொய்ச்சிங்கப்பல்’ எனக்கு ஒட்டவில்லை. அசல் டான்டிலியனைப் பார்த்தே இராதவரிடம் இது அதன் போலி என்று சொல்லி என்ன பயன்?

என் ஓட்டு பூனைச்செவிக்கு. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்ததுதானே என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம்தான். ஆனால் எலிச்செவி, முயற்செவி என்ற செடிப்பெயர்கள் நம்மிடம் ஏற்கெனவே உண்டே! முயற்செவி இதே சூரியகாந்திக் குடும்பம் வேறு. ஒரு நெருடல் மட்டும்: எலிச்செவி என்றால் இலையின் வடிவம் நினைவுக்கு வரும். இங்கே இலை நீண்டு, விளிம்பு நெளிந்து, தரையோடு வட்டமாகப் படர்ந்து கிடக்கிறது. காதின் வடிவம் இல்லை, காதில் இருக்கும் முடிதான் ஒப்பு. அதற்குப் பூனைக்காலி துணைக்கு வருகிறது. அதன் காயைத் தெரியாமல் தொட்டு அரிப்பெடுத்தவருக்குப் பூனைக்கும் சுணைக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை.

பேச்சில் பூனைக்காது என்று புழங்கினால் புழங்கட்டும், நம் பெயர்ப் பட்டியலில் செவி இருக்கட்டும்.

பூனைச்செவியை ஹைபோகேரிஸ் என்ற பேரினம் முழுவதற்கும் வைத்துக்கொண்டு, அதிலுள்ள இந்தச் சிற்றினத்தை ‘வேர்ப் பூனைச்செவி’ எனலாமா? 1753இல் லின்னேயஸ் இட்ட பெயரிலுள்ள ரேடிகாட்டா வேரைக் குறிப்பதுதான். நான் பிடுங்கியபோதும் ஆணிவேர் பாதியில் அறுந்து, மீதி மண்ணிலேயே நின்றுவிட்டது.

ஐரோப்பாவிலிருந்து வந்த களை என்பதால் ‘சீமை’ சேர்க்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டாமே. சீமைக்கருவேலம் ஒன்றே அந்தச் சொல்லுக்குப் போதுமான கெட்டபெயர் வாங்கித் தந்துவிட்டது.

படத்தை மாலைக்குள் அனுப்புகிறேன். இலையின் அடிப்பக்கத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.