வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது? மெழுகுத் துணி ஏன் உதிர்கிறது?

கேள்வி: இளவெயில்

4 வயதிலும் 8 வயதிலும் இரண்டு குழந்தைகள் உள்ள வீடு. சமையலறையில் டப்பா, பாட்டில், கரண்டி எல்லாமே பிளாஸ்டிக். மொத்தத்தையும் கழித்துவிட்டுக் கண்ணாடிக்கும் எவர்சில்வருக்கும் மாறிவிடலாமா, இல்லை ஒவ்வொன்றாகவா? ஒவ்வொன்றாக என்றால் முதலில் எது?

இன்னொன்று. கிண்ணம் மூடுவதற்குத் தேன்மெழுகு தடவிய துணி வீட்டிலேயே தயாரித்தது. மடித்த இடமெல்லாம் வெள்ளையாக விரிந்து உதிர்கிறது, கிண்ணத்தின் விளிம்பிலும் ஒட்டுவதில்லை. என்ன குறை? குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு செய்யும்படி ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில் 1: தாழ்வாரம்

மொத்தமாகக் கழிக்க வேண்டாம், அது குப்பையைத்தான் கூட்டும். பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்கும் என்பது சூடு, எண்ணெய்ப்பசை, புளிப்பு, உள்ளே இருக்கும் நேரம் இந்த நான்கையும் பொறுத்தது. இதில் சூடுதான் முதல் எதிரி. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-ல் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பால்புட்டிகளைச் சோதித்தார்கள். 25 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 6 லட்சம் நுண்துகள்; 95 டிகிரியில் அது 5.5 கோடி.

ஆகவே சூடு படுகிற சாமான்களை முதலில் மாற்றுங்கள். மைக்ரோவேவில் வைக்கும் டப்பா, கொதிக்கும் சட்டியில் கிளறும் பிளாஸ்டிக் கரண்டி, சூடாக ஊற்றும் டம்ளர். டப்பாவில் 'மைக்ரோவேவ் சேஃப்' என்று போட்டிருந்தாலும் அதை நம்பி உணவைச் சூடாக்க வேண்டாம். டப்பா உருகாது, நெளியாது என்பதுதான் அதன் முக்கியப் பொருள். எதுவும் உணவில் இறங்காது என்பதல்ல. பால் பவுடர் கலப்பவர்கள் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீர் விட்டுக் கலக்கி, குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு புட்டியில் ஊற்றினால் போதும்.

மெலமைன் (பீங்கான் போலத் தெரியும் கெட்டியான பிளாஸ்டிக்) தட்டில் 70 டிகிரிக்கு மேல் சூடான எதையும் போடாதீர்கள், மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. 'மூங்கில் தட்டு' என்ற பெயரில் வரும் வழுவழுப்பான வண்ணத் தட்டுகளில் பல, மூங்கில் தூளை மெலமைன் பிசினில் குழைத்து வார்த்தவை. மாற்றம் என்று நினைத்து அதை வாங்கினால் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்போம்.

உலர்ந்த தானியம், பருப்பு போட்டு வைத்திருக்கும் டப்பாக்கள் கடைசி வரிசை. கீறி, மங்கிப்போகும் வரை இருக்கட்டும். பிறகு கிரேயான், திருகாணி போட்டு வையுங்கள்.

கண்ணாடிக்கு மாறும்போது ஒன்று கவனிக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி ஜாடி திடீர்ச் சூட்டைத் தாங்காது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் விரிசல்தான். ஃப்ரீசரில் வைப்பதானால் மேலே 2–3 செ.மீ. இடம் விடுங்கள். கழுத்து குறுகிய பாட்டிலை அங்கே வைக்கவே வேண்டாம், உறைந்து பெருகும் தண்ணீர் தோள்பட்டையில் முட்டி உடைத்துவிடும்.

பதில் 2: நூலும் மெழுகும்

துணிக்கு வருகிறேன். வெறும் தேன்மெழுகு ஆறினால் விறைக்கும், அதனால்தான் மடிப்பில் உடைகிறது. ஒட்டும் குணத்துக்குப் பைன் மரப் பிசின் (கடையில் ராசின் என்று கேளுங்கள்), வளையும் குணத்துக்குக் கொஞ்சம் எண்ணெய், இரண்டும் சேர வேண்டும்.

30×30 செ.மீ. மெல்லிய பருத்தித் துணி ஒன்றுக்கு: தேன்மெழுகு 10 கிராம், பொடித்த ராசின் 4 கிராம், தேங்காய் எண்ணெய் அரை டீஸ்பூன். பாலியஸ்டர் கலந்த துணி ஆகாது, மெழுகை உறிஞ்சாது. பழைய தகர டப்பாவில் போட்டு, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். மெழுகு சுமார் 63 டிகிரியிலேயே உருகிவிடும், ராசின் மெதுவாகத்தான் கரையும். அவசரப்பட்டுத் தடவினால் ராசின் கட்டிகட்டியாக நின்று, அந்த இடம் மட்டும் பிசுபிசுக்கும். குச்சியைத் தூக்கிப் பார்க்கும்போது மணல் போல எதுவும் தெரியக் கூடாது.

கேக் சுடப் போடும் பேக்கிங் தாளில் துணியை விரித்து, தூரிகையால் தடவி, 90 டிகிரி ஓவனில் 3–5 நிமிடம். எடுத்ததும் ஒருமுறை தேய்த்துப் பரப்பி, இரண்டு முனையைப் பிடித்து ஒரு நிமிடம் ஆட்டினால் இறுகிவிடும். ஓவன் இல்லையென்றால் இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போடலாம்.

உங்களிடம் இருக்கும் துணியைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் மேலேயே ராசினும் எண்ணெயும் கொஞ்சம் மெழுகில் உருக்கித் தடவி, மீண்டும் சூடு காட்டுங்கள். கழுவுவது பச்சைத் தண்ணீரில்தான். பச்சை இறைச்சி, மீன், சூடான உணவு இவற்றுக்கு இது கூடவே கூடாது. மீந்த மெழுகை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

பதில் 3: அளவுகோல்

8 வயதுக்கு அருமையான வேலை ஒன்று இருக்கிறது. ஒரு வாரம் வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கைக் கழுவி ஒரே பெட்டியில் போடச் சொல்லுங்கள். வார முடிவில் ஒவ்வொன்றிலிருந்தும் 2 செ.மீ. துண்டு வெட்டிக் கொடுங்கள் (கத்தரிக்கோல் பெரியவர் கையில்). தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துண்டுகளை விரலால் அமுக்கி விட வேண்டும். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் மூழ்க வேண்டியதும் நீர்ப்பரப்பில் தொற்றிக்கொண்டு மிதந்து ஏமாற்றும்.

பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் (பொருளின் மேல் முக்கோண முத்திரைக்குள் இருக்கும் எண் 2, 4, 5) மிதக்கும். பெட் (எண் 1), பிவிசி (3), தெர்மாகோல் அல்லாத கெட்டிப் பாலிஸ்டைரீன் (6) மூழ்கும். தண்ணீர் பாட்டிலின் உடல் அடியில் போய் உட்கார, அதன் மூடி மேலே நிற்பதைக் குழந்தைகள் விடாமல் பார்ப்பார்கள். மறுசுழற்சி ஆலைகளிலும் இரண்டையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். அடுத்து 100 மி.லி. தண்ணீருக்கு 15 கிராம் உப்பு கரைத்து, மூழ்கியவற்றை அதில் போடுங்கள். பாலிஸ்டைரீன் எழும்பி வரும், பெட் அசையாது.

4 வயதுக்கு எண் முத்திரையைத் தேடிக் குவியலாகப் பிரிக்கும் வேலை போதும். எந்தக் குவியல் பெரிதோ அதுதான் அடுத்த மாதம் நீங்கள் குறைக்க வேண்டியது.

இளவெயில்

எல்லோருக்கும் நன்றி. பழைய ஜாடி மூடிகளில் வாடை போகவில்லை. வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்துக் கழுவலாமா?

பதில் 4: தாழ்வாரம்

சேர்த்தால் பொங்குமே தவிர, ஒன்றை ஒன்று சரிக்கட்டி இரண்டும் வீணாகும். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். சோடாவைக் குழைத்துப் பூசி ஒரு மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், வாடைக்கு அதுதான். வினிகர் உப்புக்கறைக்கு. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கழற்ற வருமானால் தனியே எடுத்து வெயிலில் காய வையுங்கள், வாடை பெரும்பாலும் அங்கேதான் தங்கும். வினிகரை பிளீச்சோடு மட்டும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.