சோங் கப்பல்: மாணவிக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி (வரலாற்று ஆசிரியை)

நேற்று ஒன்பதாம் வகுப்பில் அடிமை வணிகம் நடத்தும்போது, புத்தகத்தில் இல்லாத சோங் கப்பல் கதையையும் சொன்னேன். 1781-இல் ஜமைக்காவுக்குப் போன லிவர்பூல்காரர்களின் கப்பல் அது. குடிநீர் போதாது என்று 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் தள்ளினார்கள். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள்: "டீச்சர், தண்ணீர் நிஜமாகவே போதாவிட்டால், மற்றவர்களையாவது காப்பாற்ற வேண்டாமா?" மணி அடித்தது, தப்பித்தேன். நாளை மறுபடியும் அதே வகுப்பு. "அது பாவம்" என்றால் அவள் விடமாட்டாள்.

பதில் 1 (ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர்)

டீச்சர், தண்ணீரை விடுங்கள், பாலிசியைப் பாருங்கள். அடிமை நோயில் செத்தால் நஷ்டம் கப்பல்காரருக்கு. கப்பலைக் காப்பாற்ற வேறு வழியின்றிக் கடலில் எறிந்ததாகச் சொன்னால், சரக்கு இழப்பாகக் கணக்குக் காட்டி, காப்பீட்டாளரிடம் தலைக்கு 30 பவுண்டு கேட்கலாம். அந்தக் கப்பலிலோ நோய் பரவியிருந்தது. நடுவில் மழை பெய்த பிறகும் ஆட்களைத் தள்ளினார்கள் என்பது 1783-இல் நீதிமன்றத்தில் வெளிவந்தது. இப்படியொரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் முதல் பக்கத்திலேயே பென்சிலால் சுழித்திருப்பேன்.

பதில் 2

ஐயா, மழையே பெய்யாவிட்டால் சரியாகிவிடுமா? அந்தப் பெண் அடுத்து அதைத்தான் கேட்பாள். 1785-இல் கேம்பிரிட்ஜில் ஒரு கட்டுரைப் போட்டி: விருப்பமில்லாதவர்களை அடிமையாக்குவது முறையா? பரிசுக்காக எழுத உட்கார்ந்த தாமஸ் கிளார்க்சன், பிறகு வாழ்நாள் முழுக்க அடிமை முறையை ஒழிக்கவே அலைந்தார். பேச்சு அங்கே தொடங்க வேண்டும். சங்கிலி போட்டு ஏற்றியவனே "எல்லோருக்கும் தண்ணீர் இல்லை" என்று கையை விரிக்கிறான். சரி, நெருக்கடி எல்லோருக்கும்தானே? மாலுமி ஒருவனையாவது தள்ளினார்களா? சீட்டுக் குலுக்கிப் போட்டார்களா?

ஆசிரியை

சீட்டுக் குலுக்கல் வேலை செய்தது. வகுப்பே அமைதியாகிவிட்டது. அவள் மட்டும், "அப்படியானால் எத்தனை பேரைத் தூக்கில் போட்டார்கள்?" என்றாள். ஒருவரையும் இல்லை, நடந்தது காப்பீட்டு வழக்கு மட்டும்தான் என்றேன். முதல் ஜூரி கப்பல்காரர்கள் பக்கம் நின்றதையும், குதிரைகளைத் தள்ளியது போலத்தான் இந்த வழக்கு என்று தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு சொன்னதையும், கொலை வழக்குப் போடச் சொல்லி அடிமை முறையை எதிர்த்த கிரான்வில் ஷார்ப் எழுதிய கடிதங்கள் வீணானதையும் சொன்னேன்.

"குதிரையா?" என்றாள்.

மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.