புதுப்பிப்பு: செகோப்ரிகா, உக்லெஸ் ஒரே நாளில் பார்த்தாயிற்று

மாட்ரிட்டிலிருந்து உக்லெஸ் ஊரையும் பக்கத்தில் இருக்கும் ரோமானிய நகரமான செகோப்ரிகாவையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நான் முதலில் குறித்திருந்தது திங்கட்கிழமை. அன்று செகோப்ரிகா மூடியிருக்கும் என்று ஒருவர் எச்சரித்ததால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். பயணத்தைக் காப்பாற்றியது அதுதான். வழியில் உள்ள தராங்கோன் ஊர் வரை பஸ், அப்புறம் டாக்ஸி என்ற யோசனையை விட்டுவிட்டு, இன்னொருவர் சொன்னபடி வாடகைக் கார் எடுத்தோம். ஏ-3 சாலையில் சுமார் 100 கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் செகோப்ரிகா, பிறகு உக்லெஸ் என்ற வரிசையும் சரியாக அமைந்தது. இடிபாடுகளில் நிழல் மிகக் குறைவு, தண்ணீர் கட்டாயம்.

செகோப்ரிகாவில் எதிர்பாராதது ஃபோரம் எனப்படும் ரோமானியப் பொதுச் சதுக்கத்தின் தரை. ஸ்பாண்டமிகுஸ் என்பவர் சொந்தச் செலவில் அதற்குக் கல் பாவியதை அந்தக் கற்களிலேயே பெரிய எழுத்துகளாக வெட்டியிருக்கிறார்கள். பதித்திருந்த வெண்கலம் போய்விட்டது, பள்ளங்கள் மட்டும் மிச்சம். குனிந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். இந்த நகரம் செழித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் ஜன்னல் கண்ணாடிபோல் பயன்பட்ட, ஒளி ஊடுருவும் ஜிப்சம் கல். பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினியே இதைக் குறித்திருக்கிறார்.

உக்லெஸில் குன்றின்மேல் சந்தியாகோ மறவர் சபை என்ற கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்பின் மடம். இப்போதுள்ள கட்டடம் 1529-இல் தொடங்கியது. உணவுக்கூடத்தின் மரக்கூரையை அண்ணாந்து பாருங்கள்: செதுக்கிய முகங்களுக்கு நடுவே கிரீடம் சூடிய மண்டையோடு ஒன்று இருக்கிறது.