1641 உயிலில் ‘நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகன்’: சம்பந்தி வீட்டு மூதாதை இவர்தானா?

தல்லாகுளம்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். சம்பந்தி வீட்டார் மாசசூசெட்ஸ்காரர்கள். 1635-இல் அங்கே போய் இறங்கிய தாமஸ் என்பவரிலிருந்து இன்றுவரை அவர்கள் வம்சாவளி பத்திரம், பதிவு எல்லாவற்றோடும் ஒழுங்காக இருக்கிறது. அந்தத் தாமஸ் இங்கிலாந்தில் யார் பிள்ளை என்பது மட்டும் தெரியவில்லை. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘பிராப் 11’ என்ற பழைய உயில்கள் தொகுப்பில் அதே குடும்பப் பெயரில் ஓர் உயில் கிடைத்தது. சஃபோக் கவுண்ட்டி, லாவன்ஹாம் பக்கத்துக் கம்பளித் துணி வியாபாரி ஒருவர் எழுதியது. படித்த வரைக்கும் வந்த சந்தேகங்கள்:

உயில் எழுதியது 1641 பிப்ரவரி 10. கோர்ட்டில் நிரூபித்தது 1642 மே 20. நடுவில் ஏன் ஒன்றேகால் வருஷம்? மூத்த மகன் ஜானுக்கு ஒரே ஒரு ஷில்லிங். ‘சன் இன் லா’ வில்லியம் என்று ஒருவர் வருகிறார். ஆனால் உயிலில் உள்ள ஒரே மகளுக்கு வயது 11. ராபர்ட் என்ற ‘கசின்’ ஒருவர். மனைவியை ‘என் இப்போதைய மனைவி ஜோன்’ என்கிறார். கடைசியாக, ‘இப்போது நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகன் தாமஸ், உயிரோடு இருந்து வந்து கேட்டால்’ 20 பவுண்டு. (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட அமெரிக்கப் பகுதிக்குத்தான் நியூ இங்கிலாந்து என்று பெயர்.)

இதை வைத்து நம்ம தாமஸ் இவர் மகன்தான் என்று எழுதிவிடலாமா?

கீழமாசி ஏடு:

முதலில் தேதி. 1751 வரை இங்கிலாந்தில் புது வருஷம் பிறந்தது மார்ச் 25-இல். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள நாட்களுக்குப் பழைய வருஷ எண்ணையே போடுவார்கள். ஆகவே உங்கள் 1641 பிப்ரவரி நம் கணக்கில் 1642 பிப்ரவரி. மூன்று மாதத்தில் நிரூபணம் ஆகியிருக்கிறது, தாமதமே இல்லை. பட்டாவில் பசலி 1350 என்று பார்த்ததும் 590 கூட்டி 1940 என்று எழுதிவிட்டு, பசலி ஜூலையில் பிறப்பதால் அதன் பிப்ரவரி 1941-இல் விழும் என்பதைக் கோட்டை விடுகிறோமே, அதே தவறுதான் இதுவும். குறிப்பில் 1641/42 என்று இரண்டையும் எழுதுங்கள். மாசசூசெட்ஸ் பதிவுகளில் இன்னொரு சிக்கல் உண்டு: அங்கே மாதத்துக்குப் பெயர் போடாமல் எண் போடுவார்கள், மார்ச்தான் முதல் மாதம். ‘12-ஆம் மாதம்’ என்றால் பிப்ரவரி.

அடுத்தது உறவுமுறை. அந்தக் காலத்து ‘சன் இன் லா’வுக்கு இரண்டு பொருள். ஒன்று நம்முடைய மருமகன். இன்னொன்று மனைவியின் முந்தைய கல்யாணத்துப் பிள்ளை. கல்யாண வயதில் மகளே இல்லாத வீட்டில் இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் கல்யாணமாகி இறந்துபோன மகள் ஒருத்தி இருந்திருக்கலாம், அதையும் பாருங்கள். வில்லியமின் பிள்ளைகளைப் ‘பேரன் பேத்தி’ என்று உயில் சொல்கிறதா? ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோரைத் தேடியபோதும் இந்தச் சொல்தான் நடுவில் நின்றது. ட்ரிங் ஊர் ஆண்ட்ரூ நோலிங் தன் உயிலில் ஆம்ஃபிலிஸ் வாஷிங்டனை ‘டாட்டர் இன் லா’ என்கிறார். ஆனால் அவர் நோலிங்குடைய மனைவியின் மகள். அந்த ஆம்ஃபிலிஸின் மகன் ஜான்தான் வர்ஜீனியாவுக்குப் போனவர்.

‘கசின்’ என்றால் அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை, சில சமயம் பேரன்கூட. பெரியப்பா மகனையும் கூடப்பிறந்தவனையும் ‘அண்ணன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கும் நமக்கு இது புரியாத விஷயமில்லை. ராபர்ட்டை உடனே ஒன்றுவிட்ட சகோதரன் என்று கட்டம் போடாதீர்கள்.

‘இப்போதைய மனைவி’ என்பதை வைத்து முன்னால் ஒருத்தி இருந்தாள் என்று முடிவு கட்டவும் கூடாது. இனிமேல் வரக்கூடிய மனைவி சொத்துக் கேட்கக் கூடாது என்பதற்காகச் சட்டம் தெரிந்தவர்கள் போட்ட சொல் அது. முதல் மனைவி இருந்தாளா என்பதை வேறு ஆதாரத்தால் காட்ட வேண்டும்.

ஒரு ஷில்லிங் விவகாரம்: ஜானை ஒதுக்கிவிட்டார் என்று பலர் எழுதுவார்கள். பெரும்பாலும் கல்யாணத்தின்போதே நிலம் கைமாறியிருக்கும். ‘என்னை மறந்துவிட்டார்’ என்று மூத்தவன் வழக்குப் போடாமல் இருக்கத்தான் அந்த ஷில்லிங். ‘காப்பிஹோல்ட்’ எனும் பண்ணை நிலம் உயிலில் வராமலே போகலாம். அதன் கைமாற்றம் ஜமீன் கச்சேரி போன்ற மேனர் கோர்ட்டின் சுருள்களில் இருக்கும். வாரிசு யார், இறந்தவருக்கு என்ன உறவு என்று பட்டா மாறுதல் போலத் திட்டமாக எழுதியிருப்பார்கள். அந்த ஊரின் மேனர் சுருள் பிழைத்திருந்தால் உயிலைவிட மேலான ஆதாரம்.

திருமங்கலம் பத்திரம்:

வணக்கம் சார். ஏடு அண்ணன் சொன்ன அர்த்தமெல்லாம் சரி. ஆனா அர்த்தத்துக்கு முன்னாடி, நீங்க படிச்சது சரியான்னு ஒரு தடவை பார்த்துருங்க. அது ‘செக்ரட்டரி’ன்னு சொல்ற, அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் எழுதின எழுத்து பாணி. ஓலையில புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒண்ணு போல இருக்கும். அது தெரியாம ஏடு படிச்சா என்ன ஆகுமோ அதான் இங்கயும் ஆகும்.

இங்கிலீஷ் ‘இ’ எழுத்து திரும்பிப் படுத்த மாதிரி இருக்கும். ‘சி’யைப் பார்த்தா இன்னைக்கு நாம எழுதுற சின்ன ‘ஆர்’ போல இருக்கும். ‘எச்’சோட வால் கோட்டுக்குக் கீழ இறங்கும். சொல்லுக்கு நடுவுல வர்ற ‘எஸ்’ நீளமா ‘எஃப்’ மாதிரி நிக்கும். ‘எஃப்’ இரண்டு சேர்ந்து சொல்லுக்கு முதல்ல வந்தா அது பெரிய எழுத்து ‘எஃப்’, அவ்வளவுதான். ‘யு’வும் ‘வி’யும், ‘ஐ’யும் ‘ஜே’யும் இடம் மாறி வரும்.

வழி என்னன்னா, படத்தை ஏ3 தாள்ல பெரிசா அச்செடுங்க. கலெக்டர் ஆபீஸ் பக்கம் எந்த ஜெராக்ஸ் கடையிலயும் முடியும். ஓரத்துல வரி எண் போடுங்க. அநேகமா எல்லா உயிலும் ‘இன் தி நேம் ஆஃப் காட் ஆமென்’னுதான் தொடங்கும், பெரும்பாலான பத்தியும் ‘ஐட்டம் ஐ கிவ் அண்ட் பிக்வீத்’னு வரும். அந்த ரெண்டு வாக்கியத்துல இருந்து எழுத்துகளை ஒவ்வொண்ணாப் பார்த்து வரைஞ்சு, அந்தக் குமாஸ்தாவுக்குன்னே ஒரு அரிச்சுவடி பண்ணிக்குங்க. அதுக்கப்புறம் ஊர்ப் பேரு, ஆள் பேருக்கு வாங்க. வரிக்கு வரி அப்படியே எழுதுங்க, எழுத்துப்பிழையைத் திருத்தாதீங்க. படிக்க முடியாத எழுத்துக்குச் சதுர அடைப்பு போட்டுட்டு மேல போங்க, ஊகத்துல நிரப்பினா பின்னாடி அதுவே உண்மை மாதிரி நின்னுரும்.

தொகையில ரொம்பக் கவனம். ரோமன் எண்ணோட கடைசி ‘ஐ’யை ‘ஜே’யா இழுத்திருப்பாங்க. மேல சின்னதா ‘எல்-ஐ’னு இருந்தா பவுண்டு, ‘எஸ்’னா ஷில்லிங், ‘டி’ன்னா பென்னி. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. மார்க்னு வந்தா 13 ஷில்லிங் 4 பென்னி. தாமஸுக்கு 20 பவுண்டா 20 ஷில்லிங்கான்னு திரும்பப் பாருங்க; கடல் தாண்டிப் போன பிள்ளைக்கு வச்ச பங்குக்கும் பேருக்குக் குடுத்ததுக்கும் அதுதான் வித்தியாசம்.

இன்னொண்ணு. பிராப் 11-ல இருக்குறது கோர்ட் குமாஸ்தா பெரிய புத்தகத்துல எடுத்த நகல். சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் நகல் புத்தகம் மாதிரி. அதுல பேரு தப்பா ஏறியிருக்கலாம், கையெழுத்து இருக்காது. மூல உயில் பிராப் 10-ல தனியா இருக்கு. எழுதினவர் கையெழுத்துப் போட்டாரா கீறல் போட்டாரான்னு அங்கதான் தெரியும்.

கடைசிப் பத்தியை விட்டுறாதீங்க. 1642-ல அது லத்தீன்லதான் இருக்கும். நிரூபிச்ச தேதி, உயிலை நிறைவேத்துற நிர்வாகி யாருன்னு அதுல வரும். ‘ரிசர்வாட்டா’ங்கற சொல் இருந்தா, ரெண்டு நிர்வாகில ஒருத்தர் மட்டும் வந்து பொறுப்பு எடுத்திருக்காரு, இன்னொருத்தருக்கு உரிமையை வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

வைகை வடகரை:

கேள்வியின் கடைசி வரிக்குப் பதில்: இப்போதைக்கு எழுதக் கூடாது. இந்த உயில் நிரூபிப்பது, லாவன்ஹாம் பக்கத்து வியாபாரிக்குத் தாமஸ் என்ற மகன் 1642 தொடக்கத்தில் நியூ இங்கிலாந்தில் இருந்தான் என்பதை மட்டும்தான். 1620-க்கும் 1640-க்கும் இடையில் சுமார் 20,000 பேர் அங்கே போயிருக்கிறார்கள். ஒரே பேரில் இருவர் இருப்பது சர்வ சாதாரணம்.

இணைப்பை இரண்டு கரையிலிருந்தும் கட்ட வேண்டும். இங்கிலாந்துக் கரையில் முதலில் ஞானஸ்நானப் பதிவு. 1538-இலிருந்து ஒவ்வொரு தேவாலயமும் ஏடு வைக்க வேண்டும் என்று உத்தரவு. தாமஸின் ஞானஸ்நானம் கிடைத்ததும் நின்றுவிடாமல், அதே ஊரில் அடக்கப் பதிவையும் பாருங்கள். சிறு வயதிலேயே இறந்த தாமஸாக இருந்தால் எல்லாம் வீண். 1635-க்குப் பிறகு அதே ஊரில் ஒரு தாமஸ் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்துகொண்டிருந்தால் அவர் வேறு ஆள்.

அமெரிக்கக் கரையில், பாஸ்டனில் 1845-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சாவளிக் கழகத்தின் ‘கிரேட் மைக்ரேஷன்’ ஆய்வு 1620 முதல் 1635 வரை வந்தவர்களை ஒவ்வொருவராக எழுதியிருக்கிறது. உங்கள் தாமஸ் 1635 என்பதால் முதலில் அதைப் பாருங்கள். வேறு யாரும் ஏற்கெனவே ஊரைக் கண்டுபிடித்து, அது சஃபோக் இல்லை என்று தெரிந்தால் இவ்வளவு உழைப்பும் மிச்சம்.

பிறகு அந்த 20 பவுண்டைத் துரத்துங்கள். ‘வந்து கேட்டால்’ என்றால் நேரில் போக வேண்டும் என்று இல்லை. பாஸ்டனில் நோட்டரி முன்னால் பவர் பத்திரம் எழுதி, இங்கிலாந்தில் உள்ள ஒருவரை வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். வில்லியம் ஆஸ்பின்வாலின் நோட்டரி ஏடு 1644 முதல் 1651 வரை இருக்கிறது, அச்சாகியும் இருக்கிறது. ‘இன்ன ஊர் இன்னாரின் மகனாகிய நான், என் தகப்பனார் உயிலில் வைத்த தொகையை’ என்று ஒரு வரி கிடைத்தால் வேறு சாட்சி வேண்டாம்.

ஊர்ப் பெயரில் ஏமாறாதீர்கள். இப்ஸ்விச், சட்பரி, க்ரோட்டன், பாக்ஸ்ஃபோர்டு எல்லாம் சஃபோக்கிலும் உண்டு, மாசசூசெட்ஸிலும் உண்டு. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், மேற்பார்வையாளர் என்று உயிலில் வரும் ஒவ்வொரு பெயரையும் எழுதி வைத்து, அமெரிக்காவில் தாமஸின் பக்கத்து நிலக்காரர்களோடு ஒப்பிடுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டாகத்தான் கப்பலேறினார்கள். குடும்பப் பெயரே இல்லாமல் தகப்பன் பெயர், ஊர், கோயில் வைத்தே ஆளை அடையாளம் சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். குடும்பப் பெயரின் எழுத்து அதே ஆளுக்கே நான்கு விதமாக இருக்கும், ஊர் மாறாது.

உயில் தேடும்போது ஒரே கோர்ட்டில் நின்றுவிடாதீர்கள். அப்போது உயில்கள் தேவாலயக் கோர்ட்டுகளுக்குத்தான் போகும். பிராப் 11-இல் இருப்பவை கேன்டர்பரி கோர்ட் உயில்கள், அது மேல்மட்டம். ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டத்தில் சொத்து வைத்திருந்தவர்கள் உயில்தான் அங்கே போகும். லாவன்ஹாம் சாதாரணக்காரர் உயில் சட்பரி ஆர்ச்டீக்கன் (மறைமாவட்டத்தின் ஒரு பகுதிக்குப் பொறுப்பான குரு) கோர்ட்டுக்கோ நார்விச் கோர்ட்டுக்கோ போயிருக்கும். பெண்கள் விஷயத்தில் மறுமணப் பெயரில் தேட வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டு யார் பிள்ளை என்று 1880-களில் வம்சாவளி ஆய்வாளர் ஹென்றி வாட்டர்ஸ் நிறுவியபோது கைகொடுத்த உயில்களில் ஒன்று அவர் தாயாருடையது. 1635-இல் எழுதிய அந்த உயிலில் தாயாரின் பெயர் கேத்தரின் யார்வுட். ஜானின் தகப்பனார் ஹார்வர்டுக்குப் பிறகு அவருக்கு இரண்டு கல்யாணம் ஆகியிருந்தது.

தல்லாகுளம்வாசி:

ஏ3 அச்செடுத்து வரி வரியாகப் படித்தேன். தொகை 20 பவுண்டுதான். வில்லியமின் குடும்பப் பெயரை முதலில் தப்பாகப் படித்திருக்கிறேன். ‘சி’யை ‘ஆர்’ என்று எடுத்துவிட்டேன். சரியான பெயரில் சட்பரி கோர்ட்டில் தேடினால் 1626 உயில் ஒன்று வருகிறது: மனைவி ஜோன், மகன் வில்லியம். தாமஸ் பேச்சே இல்லை.

கீழமாசி ஏடு:

அருமை. அப்படியானால் அது மறுமணம்தான் போலிருக்கிறது. கல்யாணப் பதிவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஜோன் உங்கள் வியாபாரியை 1626-க்குப் பிறகே மணந்திருக்க முடியும், 11 வயது மகள் 1631 வாக்கில் பிறந்தவள், பொருந்துகிறது. 1635-இல் தாமஸ் தானாகக் கப்பலேறும் வயதுக்காரர் என்றால் அவர் ஜோனின் பிள்ளையாக இருக்க முடியாது. ஜானும் தாமஸும் முதல் மனைவியின் பிள்ளைகள். ஆக 1600 முதல் 1615 வரை ஞானஸ்நான ஏட்டைப் புரட்டி, அதற்கு முன்னால் வியாபாரியின் முதல் கல்யாணத்தைத் தேடுங்கள். அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்ததும் அவள் தகப்பனாரின் உயிலுக்குப் போங்கள். அம்மாவழித் தாத்தா ‘என் பேரன் தாமஸ்’ என்று ஒரு வெள்ளிக் கரண்டி எழுதி வைத்திருந்தால், மாசசூசெட்ஸ் தாமஸின் சொத்துப் பட்டியலில் அந்தக் கரண்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.